இதய பம்ப் பொருத்தியவருக்கு ரத்தக் கசிவு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இடது கீழறைக்குத் துணையாக பம்ப், அதாவது எல்வேட், பொருத்திக்கொண்டவருக்கு எங்காவது ரத்தம் வந்தால் சுற்றியிருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க அவர் போடும் மாத்திரையைக் குறித்து, முதலில் சொல்வது, "வார்ஃபரினை நிறுத்துங்க" என்பதுதான். வேறு எந்த நோயாளிக்கும் அது நியாயமான யோசனை. இவருக்கு அது பாதிப் பதில். சில நேரம் ஆபத்தான பதில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல, ரத்தம் உறைந்தால் பம்ப் அடைபடும் அல்லது கட்டி மூளைக்கு ஏறும். உறையாவிட்டால் குடலோ மூக்கோ மூளையோ கசியும். வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும், இப்படி ஒரு நோயாளியை முதல்முறையாகப் பார்க்கும் வார்டு செவிலியர், டியூட்டி டாக்டர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 2.2 என்று ஒழுங்காக இருக்கும்போதே கசிவு வரும். லேப் தவறில்லை. ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் தட்டணுக்களைப் பிடித்து ஒட்டவைக்க வான் வில்லிபிராண்டு என்ற புரதம் நீளச் சங்கிலியாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் பம்புக்குள் போகும்போது அந்தச் சங்கிலி இழுபட்டு விரிகிறது. விரிந்ததை ரத்தத்திலேயே உள்ள ஒரு நொதி நறுக்கிவிடுகிறது. நீளச் சங்கிலிகள் குறைந்துபோவது பம்ப் வைத்த ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது. ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு இது தெரியவே தெரியாது. இதே கதை பம்ப் வருவதற்கு முன்பே இருந்தது: பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்குக் குடலில் ரத்தம் கசிவதை 1958-ல் எட்வர்டு ஹைட் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். குறுகலான வால்வு அங்கே செய்த வேலையை இங்கே பம்ப் செய்கிறது. மாற்று இதயம் பொருத்தி பம்பை எடுத்துவிட்டால் புரதம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எந்தக் கசிவானாலும் முதல் ஐந்து நிமிடம்

நினைவு தவறுகிறது, பேச்சு குழறுகிறது, வாந்தியில் ரத்தம் வருகிறது, ரத்தம் கொட்டுகிறது: இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு பம்ப் மையத்துக்குப் போன் செய்யுங்கள். மாற்று கன்ட்ரோலர் (பம்பை இயக்கும் பெட்டி), பேட்டரிகள், சார்ஜர் உள்ள பை கூடவே போக வேண்டும்.

அவசரம் இல்லையென்றால் நான்கை எழுதிக்கொண்டு மையத்தை அழையுங்கள்: ஆள் எப்படி இருக்கிறார், கன்ட்ரோலர் திரையில் தெரியும் எண்கள் (ஓட்டம், வேகம், பவர், துடிப்பைக் குறிக்கும் பி.ஐ.), ரத்த அழுத்தம், கடைசி ஐ.என்.ஆர். எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் அவருடைய வழக்கமான எண்களும் இருக்க வேண்டும். பி.ஐ. 3 என்பது ஒருவருக்கு நல்ல நாள், இன்னொருவருக்கு எச்சரிக்கை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இவர்களில் பலருக்கு நாடி கைக்குத் தட்டுப்படாது. தானியங்கி பி.பி. மெஷின் பலமுறை பிழை காட்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் ஏமாற்றும். ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவி வைத்துத்தான் அழுத்தம் பார்க்க வேண்டும். நாடி தட்டுப்படாதவருக்கு டாப்ளரில் முதல் ஒலி கேட்கும் எண் சராசரி அழுத்தத்துக்கு நெருக்கமானது; நாடி நன்றாகத் தெரிகிறவருக்கு அது மேல் அழுத்தத்துக்கு நெருக்கமானது. பொதுவாகச் சராசரி அழுத்தம் 70 முதல் 90-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

வார்ஃபரினை வீட்டிலேயே நிறுத்துவதும், விட்ட மாத்திரையை மறுநாள் சேர்த்துப் போடுவதும் கூடாது. அடுத்த மாத்திரை போடலாமா என்று மையத்தைக் கேட்க ஒரு போன் போதும்.

மூக்கில் ரத்தம், நிற்கவில்லை

அடிக்கடி வருவது இது. நிமிர்ந்து உட்கார்ந்து தலையைச் சற்று முன்னால் சாய்க்க வேண்டும். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். மூக்கின் எலும்புப் பகுதிக்குக் கீழே மென்மையான பகுதியை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். நடுவில் விட்டுப் பார்க்கக் கூடாது. நின்றுவிட்டதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. இன்னொரு 15 நிமிடம் பிடித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே டிரானெக்சாமிக் அமிலம் நனைத்த பஞ்சு, சில்வர் நைட்ரேட்டால் சுடுவது, மூக்கை அடைத்துக் கட்டுவது என்று படிப்படியாகப் போவார்கள்.

நின்ற பிறகு இரண்டு வேலை உண்டு. அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் மூக்கில் கசிந்தது ஒரு நல்ல காலம், அதே அழுத்தம் மூளைக்கும்தான் போகிறது. அடுத்து, எவ்வளவு ரத்தத்தை விழுங்கினார் என்று குறித்துவையுங்கள். மறுநாள் மலம் கறுப்பாகப் போகும்போது, மூக்கு விஷயத்தை யாரும் சொல்லாததால் வயிற்றுக்குள் குழாய் விட்டுத் தேடிய கதைகள் உண்டு.

திரும்பத் திரும்ப வருபவர்கள் உப்புநீர் ஸ்பிரே போட்டு மூக்கைக் காயாமல் வைத்துக்கொள்வது, நகம் வெட்டிக்கொள்வது போன்ற சின்ன விஷயங்களைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

மலம் கறுப்பாகப் போகிறது

பம்ப் நோயாளி மீண்டும் மருத்துவமனையில் படுக்க நேரும் காரணங்களில் குடல் கசிவு முன்வரிசையில் இருக்கிறது. காரணம் முன்பு சொன்ன புரதம் மட்டும் இல்லை. துடிப்பில்லாத தொடர் ஓட்டத்தில் குடலின் உட்சுவரில் மெல்லிய, முறுக்கிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. தொட்டால் கசியும். அவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் சிதறிக் கிடப்பதால் கண்டுபிடிப்பதும் பாடு.

முதல் கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? பலர் சாப்பிடுகிறார்கள். இரும்பால் வரும் கறுப்பு பச்சை கலந்தது, மலம் கெட்டியாக இருக்கும். ரத்தத்தால் வரும் கறுப்பு தார்போல ஒட்டும், நாற்றம் தனியாகத் தெரியும், தண்ணீர் பட்டால் ஓரத்தில் சிவப்பு பிரியும். சந்தேகம் தீரவில்லை என்றால் ரத்தம் என்றே வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். இந்தக் குழப்பத்துக்காகவே இரும்பை ஊசியாகக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும். இதயம் பலவீனமானவருக்கு மாத்திரை குடலில் சரியாக ஏறுவதும் இல்லை.

இரண்டாவது கேள்வி: கடந்த இரண்டு வாரத்தில் புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தது? முழங்கால் வலிக்கு யாரோ கொடுத்த டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் பலமுறை இங்கேதான் அகப்படும். வலிக்கு பாராசிட்டமால்தான், அதுவும் அளவோடு. நாள்கணக்கில் நிறையப் போட்டால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும்.

மருத்துவமனையில் நடக்க வேண்டிய வரிசை இது. ஹீமோகுளோபின், ஐ.என்.ஆர்., யூரியா, கிரியாட்டினின், எல்.டி.ஹெச். (சிவப்பணு உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி). கிரியாட்டினின் ஏறாமல் யூரியா மட்டும் ஏறியிருந்தால் கசிவு குடலின் மேல்பகுதியில் என்று ஊகிக்கலாம். வார்ஃபரினை நிறுத்திவைத்து ஐ.என்.ஆர். தானே இறங்க விடுவார்கள். ஆள் நிலையாக இருக்கும்போது வைட்டமின் கே-யை ஊசியில் பெரிய அளவில் ஏற்றுவது பின்னால் தலைவலியாகும்: ஒரு பக்கம் பம்பில் உறையும் பயம், இன்னொரு பக்கம் நாள்கணக்கில் வார்ஃபரின் வேலை செய்யாமல் போவது.

ரத்தம் ஏற்றுவதிலும் கை தாராளம் வேண்டாம். மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு பாட்டில் ரத்தமும் அந்நியப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியை வளர்க்கக்கூடும். பிறகு பொருந்தும் இதயம் கிடைப்பது அரிது. வெள்ளணு நீக்கிய ரத்தம், தேவையான அளவு மட்டும், ஒவ்வொரு யூனிட்டாக. வேகமாக ஏற்றினால் பம்ப் உதவாத வலது இதயம் திணறும்.

பிறகு எண்டோஸ்கோபி. மேலிருந்து தொடங்குவார்கள், தேவைப்பட்டால் பெருங்குடல், அதிலும் தெரியவில்லை என்றால் விழுங்கும் கேப்சூல் கேமரா, அதில் தெரிந்த இடத்தை அடைய நீளக் குழாய் எண்டோஸ்கோபி. கசியும் குழாய் கண்ணில் பட்டால் ஆர்கான் வாயுவால் சுட்டுவிடலாம். பெருங்குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பேதி மருந்தில் ஒரு பொறி இருக்கிறது: நீர் போய்ப் போய் உடல் வற்றும், இதய அறை காலியாகும், இரவு 2 மணிக்கு பம்ப் அலாரம் அடிக்கும். பேதி கொடுக்கும் முன் இதை வார்டுக்குச் சொல்லிவைக்க வேண்டும். எதுவுமே தெரியாமல் திரும்பி வரும் எண்டோஸ்கோபியும் சகஜம். அதை வைத்துக் கசிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ரத்தம் எங்கும் தெரியவில்லை, ஹீமோகுளோபின் மட்டும் இறங்குகிறது

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது, போன மாதம் 11 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 8. இங்கே இரண்டு பாதை பிரிகிறது, தவறான பாதையில் போனால் சிகிச்சை நேர் எதிராகிவிடும்.

ஒரு பாதை மறைவான குடல் கசிவு. இன்னொன்று ரத்தம் வெளியே போகாமல் உள்ளேயே உடைவது: பம்பில் உறைகட்டி உட்கார்ந்து சிவப்பணுக்களை அரைக்கிறது. முதலாவதில் உறைவைத் தடுக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும், இரண்டாவதில் கூட்ட வேண்டும். பிரித்துச் சொல்வது எல்.டி.ஹெச். அது இயல்பின் மேல் எல்லையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் போயிருந்தால், ரத்தநீரில் தனித்து மிதக்கும் ஹீமோகுளோபின் கூடியிருந்தால், சிறுநீர் கோலா நிறத்தில் இருந்தால், திரையில் பவர் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால் பம்பைச் சந்தேகியுங்கள். எல்.டி.ஹெச். எப்போதும்போல் இருந்து, இரும்பு அளவு தரைதட்டியிருந்தால் குடலைத் தேடுங்கள்.

காந்தத்தால் மிதக்கும் சுழலி கொண்ட ஹார்ட்மேட் 3-ல் உள்ளே உறைவது மிகவும் குறைவு. பழைய ஹார்ட்மேட் 2, 2021 ஜூனில் விற்பனை நிறுத்தப்பட்ட ஹெச்வேட் ஆகியவற்றோடு இன்னும் வாழ்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் முன்னால் வர வேண்டும். ஆகவே, எந்த பம்ப் என்று கேட்காமல் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது.

இன்னொரு நுணுக்கம். ஹார்ட்மேட் திரையில் தெரியும் ஓட்டம் அளந்த எண்ணில்லை, கணக்கிட்ட எண். ஹார்ட்மேட் 3-ல் அந்தக் கணக்குக்கு ரத்தத்தின் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவையும் உள்ளிடுவார்கள். ரத்தம் நீர்த்துவிட்ட பிறகும் பழைய அளவே உள்ளே இருந்தால் திரை சொல்லும் ஓட்டம் உண்மையிலிருந்து விலகும்.

ரத்தம் ஊற எரித்ரோபாய்ட்டின் ஊசி போடலாமே என்று யாராவது சொன்னால் பம்ப் குழுவைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். பம்பில் உறைவதோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

"ஓட்டம் குறைவு" அலாரம்

ஹார்ட்மேட் 3-ல் ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே இறங்கினால் அடிக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இதய அறைக்கு வந்துசேரும் ரத்தத்தைத்தான் பம்ப் தள்ள முடியும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாத நிலையில் உட்கசிவின் முதல் தகவல் இந்த அலாரமாக இருக்கலாம்.

பி.ஐ. எண்ணைப் பாருங்கள். ஓட்டம் குறைந்து பி.ஐ.யும் குறைந்திருந்தால் அறை காலி: கசிவு, வயிற்றுப்போக்கு, நீர் மாத்திரை அதிகம், அல்லது வலது இதயம் ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. ஓட்டம் குறைந்து பி.ஐ. ஏறியிருந்தால் முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். எதிரே அழுத்தம் அதிகமானால் பம்பால் தள்ள முடியாது. காலியான அறையில் பம்ப் சுவரை உறிஞ்ச முயன்று, வேகம் தானாக இறங்கி ஏறுவதும் பதிவாகியிருக்கும்.

அறை காலி என்று தெரிந்த பிறகு கழுத்தைப் பாருங்கள். கழுத்து ரத்தநாளம் தட்டையாக இருந்தால் உடலில் திரவம் இல்லை. புடைத்திருந்தால் வலது இதயம் தளர்ந்திருக்கிறது, அல்லது இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அமுக்குகிறது. அறுவைசிகிச்சை முடிந்த முதல் நாள்களில், அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த மார்புக் குழாய் திடீரென வற்றி ஓட்டமும் குறைந்தால், "கசிவு நின்றுவிட்டது" என்று நிம்மதி அடைகிற நேரமில்லை அது. குழாய் அடைத்துக்கொண்டு ரத்தம் உள்ளே சேர்கிறது என்று நினைத்து உடனே எக்கோ. வீடு திரும்பி வாரங்கள் ஆனபின், ஐ.என்.ஆர். எகிறிய ஒரு நாளில் இதே தேக்கம் வரவும் வரும்.

தாங்க முடியாத தலைவலி, வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை

எவ்வளவு சீக்கிரம் சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம் என்பதுதான் இங்கே எல்லாம். அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. எம்.ஆர்.ஐ. இவர்களுக்குக் கிடையாது; பம்ப் காந்தத்துக்குள் போகக் கூடாது. மூளையில் கசிவு என்று தெரிந்துவிட்டால், குடல் கசிவுக்குச் சொன்ன நிதானம் எல்லாம் இங்கே செல்லாது. நான்கு உறைகாரணிகள் கொண்ட செறிவு மருந்தால் வார்ஃபரினை உடனே முறிக்க வேண்டும். உறைந்த பிளாஸ்மாவும் முறிக்கும், ஆனால் லிட்டர் கணக்கில் ஏற்ற வேண்டியிருப்பதால் நேரமும் போகும், வலது இதயமும் தள்ளாடும். கூடவே அழுத்தத்தை இறக்க வேண்டும்.

தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் இதே விதிதான். "வீங்கவில்லை, சரியாகிவிடும்" என்று தூங்கவிடாதீர்கள்.

ஐ.என்.ஆர். ஏறிவிட்டது, கசிவு இல்லை

வழக்கமான இலக்கு 2-லிருந்து 3. எண் 4, 5 என்று வந்தால் எண்ணைத் திருத்துவதைவிடக் காரணத்தைத் தேடுவது முக்கியம். பம்பின் கேபிளான டிரைவ்லைன் உடலிலிருந்து வெளிவரும் இடத்தில் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் தொடங்கியிருப்பார்கள். கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், துடிப்பு சீர்கேட்டுக்கான அமியோடரோன் எல்லாம் வார்ஃபரினை உசுப்பிவிடும். ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கும். அதை நிறுத்திய பின் வார வாரமாக எண் ஏறுவது பலருக்குத் தப்பிவிடுகிறது. ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் அடுத்த மாதச் சோதனை வரை காத்திருக்காமல் மூன்று, நான்கு நாளில் ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து எதுவும் மாறவில்லை, சாப்பாடும் பழையபடிதான், ஆனால் எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் காலை அழுத்திப் பாருங்கள், எடையைப் பாருங்கள். வலது இதயம் தளர்ந்து கல்லீரல் வீங்கும்போதும் ஐ.என்.ஆர். ஏறும். அங்கே வார்ஃபரினைக் குறைத்துக்கொண்டே போவது நோயை மூடி மறைக்கிற வேலை.

கசிவு இல்லாத நிலையில், மையத்தைக் கேட்டு, ஒரு வேளையை விட்டு அளவைத் திருத்துவதே பெரும்பாலும் போதும். கீரையை நிறையச் சாப்பிட்டு இறக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம், கீரை தினமும் ஒரே அளவில் இருக்கட்டும், அதற்கேற்ப மாத்திரையை மையம் அமைத்துக்கொள்ளும்.

டிரைவ்லைன் ஓரத்தில் ரத்தம்

பெரும்பாலும் கேபிள் எங்காவது மாட்டி இழுபட்டிருக்கும். சுத்தமான துணியால் அழுத்தி, கேபிளை அசையாமல் ஒட்டி, மையத்துக்குப் படம் அனுப்புங்கள். சீழ், சிவப்பு, வலி இருந்தால் அது கசிவுப் பிரச்சினையைத் தாண்டிய தொற்று.

மாதவிடாயில் அளவுக்கு மீறிய போக்கு

கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள். இளம் பெண்களுக்கு ஹீமோகுளோபின் இறங்கக் காரணம் குடலில் இல்லாமல் இங்கே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ரத்தத்தை உறையவைக்கும் என்பதால் தவிர்ப்பார்கள். கருப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரெல் வெளிவிடும் சாதனம் நல்ல வழி.

நின்றது, ஒரு மாதத்தில் மறுபடி வந்துவிட்டது

முதல் கசிவு வந்தவருக்கு இரண்டாவது வரும் வாய்ப்பு அதிகம். அதனால் ஒவ்வொரு முறையும் அணைப்பதோடு நிறுத்தாமல் அடிப்படையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆஸ்பிரின். நீண்ட காலம் வார்ஃபரினோடு ஆஸ்பிரினும் எல்லோருக்கும் பழக்கமாகக் கொடுக்கப்பட்டது. ஹார்ட்மேட் 3 பொருத்திய 628 பேரை வைத்து, ஆஸ்பிரின் 100 மி.கி. ஒரு பாதிக்கு, வெற்று மாத்திரை மறு பாதிக்கு என்று நடத்திய ஏரீஸ் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்குக் கசிவு சுமார் 34 சதவீதம் குறைந்தது. உறைகட்டிப் பிரச்சினை கூடவில்லை. இத்தனை வருடம் நாம் எதற்காகக் கொடுத்தோம் என்று கேட்க வைத்த முடிவு. ஆனால் இது ஹார்ட்மேட் 3-க்கு மட்டும். இதயத்தில் ஸ்டென்ட் போன்ற வேறு காரணத்துக்காக ஆஸ்பிரின் கட்டாயம் தேவைப்பட்டவர்கள் அந்த ஆய்வில் இல்லை. உங்கள் வீட்டு நோயாளி இன்னும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அடுத்த சந்திப்பில் காரணத்தைக் கேளுங்கள். காரணம் இருக்கலாம். பழக்கமும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து பம்பின் வேகம். எக்கோ பார்த்துக்கொண்டே சற்றுக் குறைத்தால் பெருந்தமனி வால்வு இடையிடையே திறந்து கொஞ்சம் துடிப்பு திரும்பும். மூச்சுத்திணறல் திரும்பாத அளவுக்குத்தான் இதைச் செய்ய முடியும். ஐ.என்.ஆர். இலக்கைக் கொஞ்சம் கீழே வைப்பதும் உண்டு. எந்த பம்ப், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதைப் பார்த்துக் குழு முடிவு செய்யும்.

அதற்கும் அடங்காதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஆக்ட்ரியோடைடு ஊசி, புதுக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் தாலிடோமைடு. தாலிடோமைடு கருவைச் சிதைக்கும், நாளடைவில் கால் மரத்துப்போக வைக்கும், அதனால் அது கடைசி வரிசையில். இதயத்துக்காக ஏற்கெனவே கொடுக்கும் ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்குக் குடல் கசிவு குறைவாக இருப்பதைப் பல மையங்கள் கண்டிருக்கின்றன. பி.பி. இடம் கொடுத்தால், சிறுநீரகமும் தாங்கினால், கசிவைச் சாக்காக வைத்து அதை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, வார்ஃபரினை மறுபடி தொடங்கும் நாள். டிஸ்சார்ஜ் சீட்டில் "வார்ஃபரின் நிறுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதி, எப்போது தொடங்குவது என்று எழுதாமல் விட்டால் அந்த இடைவெளியில்தான் உறைகட்டி வரும். எந்தத் தேதியில், எவ்வளவு, அதற்குப் பின் முதல் ஐ.என்.ஆர். என்றைக்கு என்ற மூன்றும் சீட்டில் ஏறும்வரை வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.